அக்கா வாங்கிய கிரேடர்

என் அக்கா அமுதவல்லியிடம் பேசி ஜெயித்தவர் கருவடிக்குப்பத்தில் ஒருவரும் இல்லை. நான் இல்லை, அவள் புருஷன் இல்லை, அவள் மில்லில் வேலை பார்த்த காலத்தில் அவளுக்கு மேலே இருந்த மேஸ்திரியும் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். அந்த வாய் கடைசியில் ஒரு பழைய மஞ்சள் இயந்திரத்தை, ஆறு சக்கரத்தோடும் அறுந்து தொங்கும் வயர்களோடும், என் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

என் பெயர் வினோத்குமார். சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வெளியே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கம்பெனிகளில் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். டீசல் இன்ஜின் என்றால் ஓரளவு கை வரும். அம்மா கழனி வேலைக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்து திரிந்தவள் அக்காதான். அதனால் எனக்கு எந்த வேலை இருந்தாலும் அவள் வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். நானும் ஐம்பதை நெருங்கிவிட்டேன், சட்டம் இன்னும் மாறவில்லை.

விஷயம் அவள் வீட்டில் ஆரம்பித்தது. மில் சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து அவள் கட்டிய வீடு அது. ஷிப்ட் முடிந்து வந்து கொத்தனாருக்குக் கலவை எடுத்துக் கொடுப்பாள். கட்டி முடித்தபோது ரோட்டிலிருந்து படியேறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். இப்போது படியிறங்கிப் போக வேண்டும். வீடு இறங்கவில்லை, ரோடுதான் ஏறிவிட்டது. எங்கள் ஊரில் புது ரோடு போடுவதென்றால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கும் வழக்கம் கிடையாது. அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ரோடு ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போனது. தெருவில் மற்றவர்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள். பைக்கும் காரும் ஏற வேண்டுமே என்று ஆளாளுக்கு வாசலில் சிமென்ட்டுச் சரிவு ஒன்றைப் போட்டு, பாதித் தெருவைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஐப்பசி பிறந்தால் தெருத் தண்ணீர் முழுக்க அவள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிடும்.

அவள் புருஷன் சுப்பிரமணியன் மாமா, ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், சாது. மழை வந்தால் பீரோவைச் செங்கல் மேல் ஏற்றுவார், மழை விட்டால் இறக்குவார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது. போன ஐப்பசியில் தண்ணீர் கட்டிலைத் தொட்டபோதுதான் மகன் இளஞ்செழியனுக்குப் பொறுமை போனது. அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஒன்று, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவோம், இல்லையென்றால் எதிர்வீட்டு அரிகிருஷ்ணன் கேட்கிறாரே, அவருக்கே விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்றான். அரிகிருஷ்ணன் அந்த இடத்தில் வாடகைக்கு மாடி மாடியாகக் கட்டலாம் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும்.

அக்கா முறத்தால் சேற்றை வழித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"என் வூடு எங்க கட்டுனேனோ அங்கதான்டா இருக்குது. ரோடுதான் ஏறி வந்துச்சு. ஏறி வந்தத எறக்கச் சொல்லு. நான் ஏன் ஏறணும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவளிடம் உள்ள தொல்லையே அதுதான். ஒவ்வொரு பேச்சும் நியாயமாக இருக்கும், செய்யத்தான் முடியாது. இளஞ்செழியன் விடவில்லை. இப்படியே பேசிக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று கத்தினான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வருகிற ஐப்பசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தாலும் தானே கையெழுத்துப் போட்டு விற்றுவிடுவதாகவும், வராவிட்டால் இந்தப் பேச்சை அவன் ஜென்மத்துக்கும் எடுக்கக் கூடாது என்றும் சொன்னாள். அவன் சரி என்றான்.

அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம், என்னால் முடியவில்லை. ஏனென்றால் அக்கா சொன்னால் சொன்னதுதான். ஒரு சொந்தக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அந்த வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு நாள் ஓடியாடி வேலை செய்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே வந்து கடையில் சோடா வாங்கிக் குடித்தாள். அப்படிப்பட்டவள் வீட்டின் மேல் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

சித்திரை வாக்கில், தெருவுக்குப் புது ரோடு வரப்போகிறது என்று டேப் பிடித்து அளக்க ஆள் வந்தான். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். பழசை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசைப் போடு என்றாள். கூட வந்திருந்த ரோடு கான்ட்ராக்டர் காரை விட்டு இறங்காமலேயே சிரித்தாராம். வெட்டி மட்டம் பண்ண கிரேடர் வேண்டும், அது இந்த எஸ்டிமேட்டில் இல்லை, "நீங்க ஒரு கிரேடர் கொண்டாங்கம்மா, எவ்ளோ வேணுமோ வெட்டிட்டு அதுக்கப்பறம் போடுறோம்" என்றாராம். வேறு யாராக இருந்தாலும் அது கிண்டல் என்று புரிந்துகொண்டு உள்ளே போயிருப்பார்கள். அக்கா, "புரட்டாசி வரைக்கும் ரோடு போடாம இரு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள். எப்படியும் அவர்கள் புரட்டாசிக்கு முன்னால் போடப்போவதில்லை. அது வேறு விஷயம்.

ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கும் என்று நான் சொன்னேன். போன தடவை சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி அவள் காம்பவுண்டுச் சுவரைச் சாய்த்துவிட்டுப் போனதை எடுத்து என் முகத்தில் அடித்தாள். அது பள்ளம் தோண்டும், வழிக்காது என்றாள். அதுவும் உண்மை. வாடகைக்கு கிரேடர் கேட்டுப் பார்த்தேன். பைபாஸ் வேலை செய்கிறவர்கள் ஒரு தெருவுக்காகவா வருவார்கள்? ஒருவர் போனிலேயே சிரித்தார்.

பிறகு ஒரு நாள் அக்கா பட்டறைக்கு வந்து, பையிலிருந்து லட்டு எடுத்து என் கையில் வைத்தாள். என்ன விசேஷம் என்றேன். கிரேடர் வாங்கிவிட்டேன் என்றாள்.

சேதராப்பட்டுக்குச் சற்று முன்னால், செத்துப்போன ஒரு செம்மண் குவாரிக்காரரின் தோப்பில் அது நின்றிருக்கிறது. பஸ்ஸில் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் காயலான் கடைக்குப் போடவிருந்ததை, மில் மூடியபோது கைக்கு வந்ததில் மிச்சம் வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கிவிட்டாள். இன்ஜின் ஓடுகிறதா என்று பார்த்தாயா என்று கேட்டேன்.

"நல்ல நேரம் முடியப்போவுது, அவங்க ஓட்டிக் காட்ட ஆளில்லன்னாங்க. அதான் பணத்த மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன். ஓட்டுறது எந்த நேரத்துல ஓட்டுனா இன்னா?"

மிச்ச லட்டைத் திரும்ப அவள் பையிலேயே போட்டேன்.

டிராக்டரில் கட்டி இழுத்துவந்தோம். அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு அழுகை வராத குறை. நான் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. நீளமான கழுத்து, கழுத்துக்கு அடியில் ஒரு ஆள் நீளத்தைவிடப் பெரிய இரும்பு பிளேடு, அதைத் திருப்ப ஒரு பெரிய பல்சக்கரம், ஓட்டுபவன் முன்னால் கைப்பிடி கைப்பிடியாக இத்தனை லிவர்கள். பின்பக்கச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு வேப்பங்கன்று முளைத்து, வளர்ந்து, சேஸிஸைச் சுற்றிக்கொண்டிருந்தது. புகைக்குழாயின் மூடியை எவனோ கழற்றிக்கொண்டு போயிருந்தான். எத்தனையோ வருஷ மழை அதன் வழியாக நேராக இன்ஜினுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே பிஸ்டன்கள் துருப்பிடித்து, நகர மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தன. அக்காவின் தெருவைப் போலவே இதற்கும் தண்ணீர்தான் வியாதி.

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைத்தேன். தினமும் கடப்பாரையைப் போட்டுத் திருப்பிப் பார்ப்பேன். அசையாது. கெட்ட வார்த்தை சொல்வேன். அப்போதும் அசையாது. ஒரு நாள் மெல்ல, அரை விரல் அளவுக்கு அசைந்தது. அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதை என் மனைவி பூவிழி பார்த்திருந்தால், கல்யாணத்தன்றுகூட இப்படிச் சிரிக்கவில்லையே என்று கேட்டிருப்பாள்.

அக்காவுக்கு மத்தியான நேரம் வேலை கிடையாது. சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்பாள். ஆயில் சீல் கிடைக்கவில்லை என்பேன். போன வாரமும் அதையேதானே சொன்னாய் என்பாள். இந்த வண்டிக்கு உலகத்திலேயே சீல் கிடையாது, லேத்தில் கொடுத்து அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்பேன். அப்போ செய்ய வேண்டியதுதானே என்பாள். ஜெனரேட்டர் வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனிகளுக்கு நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். காய்ச்சல் என்றேன், பெரியப்பா சாவு என்றேன். எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

இதற்கெல்லாம் சிகரம் வைத்தது சாக்பீஸ் விவகாரம். பற்சக்கரங்களைத் திரும்பப் பூட்டும்போது எந்தப் பல் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டு வைப்போம். அது பிசகினால் இன்ஜின் பற்றாது, பற்றினாலும் வால்வு வளைந்துவிடும். பழைய வண்டி, அடையாளமெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு சரியான இடத்தைக் கண்டுபிடித்து, எல்லாச் சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சக்கரங்கள் பளபளவென்று மின்னுகின்றன. அக்கா கையில் பஞ்சு வேஸ்ட்.

மில்லில் அவர்களுக்கு அது பழக்கம். ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆள் வருவதற்குள் மிஷினைத் துடைத்து வைத்துவிட வேண்டும். துடைக்காத மிஷினை விட்டுவிட்டுப் போனால் மேஸ்திரி மானத்தை வாங்கிவிடுவான். மில் மூடி இத்தனை வருஷமாகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளோ, இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டு எப்படித்தான் வேலை செய்கிறாயோ என்று என்னையே கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவளை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விடாமல் நடந்து போக விட்டேன்.

ஆவணியில் இன்ஜின் பற்றியது. முதலில் வந்த கரும்புகையில் எதிர்க் கம்பெனி செக்யூரிட்டி ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடப் போய்விட்டார். அக்கா ஆறு சக்கரத்துக்கும் ஆறு எலுமிச்சம்பழம் வைத்தாள். முன்னால் நகர்த்தினேன். நாலு நசுங்கின. இரண்டு சக்கரம் சுற்றவே இல்லை. மறுபடியும் கழற்று, மறுபடியும் பூட்டு. அதோடு ஒரு வாரம் போயிற்று.

சேதராப்பட்டிலிருந்து கருவடிக்குப்பம் போவது ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு வந்துவிடும், அப்புறம் கோரிமேட்டில் மறுபடியும் நம் யூனியன் பிரதேசம். ஆர்சி புக்கும் கிடையாது, நம்பர் பிளேட்டும் கிடையாது. லாரி டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். எல்லையில் நின்ற போலீஸ்காரர் இதற்குப் பேப்பர் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா லாரி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, ஓட்டிக்கொண்டு வந்தால்தான் வண்டி, தூக்கிக்கொண்டு வந்தால் சாமான், பீரோவுக்கு ஆர்சி புக் கேட்பீர்களா என்றாள். அவர் கொஞ்ச நேரம் அந்த கிரேடரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும்.

தெருவில் வேறொரு கூத்து காத்திருந்தது. அரிகிருஷ்ணன் எல்லோரையும் கூட்டி வைத்திருந்தார். ரோட்டை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எங்கள் வாசல் சரிவில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார். இரண்டு பக்கச் சரிவையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் வெட்டினால் அது ரோடாக இருக்காது, வாய்க்காலாக இருக்கும். அந்த வாய்க்கால் நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கும். இதை நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நீ நடுவுல ஓட்டு, பாத்துக்கலாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் என் பிழைப்பைக் கெடுத்து வண்டியைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, இப்போது பாத்துக்கலாமாம்.

கிரேடர் ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. இத்தனை லிவரில் எது பிளேடை இறக்கும், எது சாய்க்கும் என்று பட்டறை வாசலில் பழகிப் பார்த்ததோடு சரி. பிளேடுக்கு முன்னால் இருந்த இரும்புப் பல்லை இறக்கி, மெல்ல நகர்த்தினேன். தார் பெயர்ந்தது. அதற்கடியில் இன்னொரு தார். அதையும் பெயர்த்துக்கொண்டு வண்டி உறுமியபடி போனது. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிஷம் எனக்கே கர்வமாக இருந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தேன். தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ரோடு ஏற ஏற, நடுத்தெரு மெயினிலிருந்து வீடுகளுக்குப் போகும் குடிதண்ணீர்க் குழாய் கீழே ஆழத்தில் மாட்டிக்கொள்ளும். பழுது வந்தால் தோண்ட முடியாது. அதனால் வீட்டை உயர்த்திக் கட்டியவர்கள் எல்லோரும், யாரையும் கேட்காமல், பிளம்பரைப் பிடித்து மேலேயே புதுக் குழாய் போட்டுக்கொண்டார்கள். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. அதன் மேல் ரோடும் சரிவும். ஒரே இழுப்பில் நான் தெரு முழுக்கக் குழாயை அறுத்துவிட்டிருந்தேன்.

அன்று நான் வாங்கிய வசவை எழுத முடியாது. எல்லோரும் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அரிகிருஷ்ணன் என் சட்டையைப் பிடிக்க ஏறினார், படி உயரம் எட்டாமல் இறங்கினார். அக்கா எங்கே என்று பார்த்தால், அவள் வீட்டுக்குள் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் குழாய் கொட்டியது. அது வீடு கட்டிய நாளில் ஆழத்தில் போட்ட பழைய குழாய். அவள்தான் ஏறவேயில்லையே, குழாயும் அங்கேயே இருந்தது.

இது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று நான் பிறகு பல தடவை கேட்டுவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும், நானா வண்டி ஓட்டினேன் என்பாள். இன்று வரை அதே பதில்தான்.

சாயங்காலம் குடத்தோடு ஒவ்வொருவராக வந்தார்கள். வேறு வழி? தெருவில் தண்ணீர் வந்த ஒரே வீடு அதுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படிகளில் இறங்கினார்கள். வருஷக்கணக்காக எதிரிலும் பக்கத்திலும் குடியிருப்பவர்கள்தான், ஆனால் பாதிப் பேர் அப்போதுதான் முதல் தடவையாக உள்ளே வருகிறார்கள். சுவரில் வருஷத்துக்கு ஒன்றாகத் தண்ணீர் நின்ற கறை, கோடு கோடாகத் தெரிந்தது. அரிகிருஷ்ணன் மனைவி அமலா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கறை எவ்வளவு உயரம் என்று கையை வைத்துப் பார்த்தாள். அவள் முழங்காலுக்கு மேலே வந்தது. பிறகு தண்ணீர் பிடித்தாள். அக்கா குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டாள். 

புதுக் குழாய் போட வேண்டும் என்றால் சரிவுகளை உடைத்தே ஆக வேண்டும், குழாய் அதன் அடியில்தானே போகிறது. முதலில் உடைத்தது அரிகிருஷ்ணன் வீட்டுச் சரிவு. உடைக்கச் சொன்னது அமலா. அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடியிலேயே நின்றார். உடைத்தது உடைத்தாகிவிட்டது, திரும்பக் கட்டுவதற்குள் தெருவை முழுசாக வெட்டிக்கொள் என்று என்னிடம் சொன்னார்கள். குழாய்களை ஆழத்தில் போட்டு முடித்ததும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுவருக்குச் சுவர் வழித்தேன். தெருக்கோடியில் உள்ள பெரிய வாய்க்காலைப் பார்த்துத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தேன். பிளேடு ஒரு பக்கம் தானாக இறங்கிக்கொண்டே இருந்தது, நான் செய்த சீலில் எண்ணெய் கசிந்தது, ஒவ்வொரு பத்தடிக்கும் இறங்கித் தண்ணீர் டியூப் வைத்து மட்டம் பார்த்தேன். கடைசி நாள் கியர்பாக்ஸில் ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி தெருமுனையில் நின்றது. அதன் பிறகு அது இன்னும் ஓடவில்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் போட்டிருக்கிறேன். அடுத்த தெருக்காரர்கள் எப்போது ரெடியாகும் என்று கேட்டு அக்காவிடம் வந்துவிட்டார்களாம். அவள் தை மாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கான்ட்ராக்டர் வந்து, இந்தத் தடவை காரை விட்டு இறங்கி, வெட்டிய தெருவைப் பார்த்து, மேலே ரோடு போட்டார். அக்கா கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள், எங்கே கனமாகப் போடுகிறார்கள் என்று குத்திப் பார்த்துக்கொண்டே. போட்டு முடித்தபோது ரோடு அவள் வாசலுக்கு ஒரு கைப்பிடி அளவு கீழே இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கினாள்.

ஐப்பசி பிறந்து ரேடியோவில் புயல் சின்னம் என்று சொன்னதும் இளஞ்செழியன் சென்னையிலிருந்து வந்துவிட்டான். வாக்கு வாக்குதானே, பார்க்க வேண்டுமே. நானும் போனேன். நான் கொடுத்த வாட்டம், நின்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. மத்தியானம் பிடித்த மழை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நாங்கள் வாசலில் நின்றோம். தெருத் தண்ணீர் மேலேயிருந்து வந்தது, வாசலுக்கு நேராக வந்தது, ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல் சுழித்தது, பிறகு தெருக்கோடியைப் பார்த்து ஓடியது. நிற்காமல் ஓடியது. சுப்பிரமணியன் மாமா வழக்கம்போல் பீரோவுக்குச் செங்கல் எடுத்துக்கொண்டு வந்தவர், கையில் செங்கல்லோடு அப்படியே நின்று பார்த்தார். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அந்த நாசமாய்ப் போன வண்டியை எத்தனை திட்டினேன்.

உள்ளே போன அக்கா, பாத்ரூம் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"செழியா, இங்க வா. தண்ணி வந்துடுச்சு."

போய்ப் பார்த்தால், பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகக் கறுப்பாக ஊறிக்கொண்டு வருகிறது. ரோடுதான் இறங்கியது, சாக்கடை இறங்கவில்லை. அது நிரம்பினால் பள்ளத்து வீட்டில் அப்படித்தான் எதிர்த்து வரும். ரோட்டைப் பார்த்தேனே தவிர இந்த ஓட்டையை நான் யோசிக்கவே இல்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. மறைத்து வைத்திருக்கலாம், கதவைச் சாத்தியிருக்கலாம், என்னிடம் கண் காட்டியிருக்கலாம். எதுவும் செய்யாமல் மகனைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள் இவள். 

இளஞ்செழியன் எட்டிப் பார்த்தான். அம்மாவை மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. கொடியில் கிடந்த பழைய துண்டைக் கிழிக்கும் சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தான். முழங்கால் வரை பேன்ட் நனைந்து சேறாகியிருந்தது.

"எங்கம்மா தண்ணி? நான் ஒண்ணும் பாக்கல."

"வந்துச்சுடா. என் கண்ணால பாத்தேன்."

"நான் பாக்கலம்மா."

அவள் அவனுடைய காலைப் பார்த்தாள். பேன்ட் எப்படி நனைந்தது என்று கேட்டாள். மழையில் வந்தேன் அல்லவா என்றான். அவன் வந்தது காலையில், வெயிலில். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செங்கல்லோடு நின்றிருந்த மாமாவுக்கும் தெரியும். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யாரிடமும் தோற்காத அந்த வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. குனிந்து முந்தானையால் அவன் காலில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.